தண்டவாளத்தைத் தாண்டும் ஒற்றையடிப் பாதை: சுவர் கேட்பதா, நடைமேம்பாலம் கேட்பதா, சுரங்கப்பாதை கேட்பதா?

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களின் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "எங்க தெருக்காரங்க எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போறாங்க. இப்ப ஒருத்தர் அடிபட்டுட்டார். மனு கொடுக்கப் போறோம். என்ன கேக்கறது?"

பெரும்பாலான மனுக்களில் சுவர், மேம்பாலம், சுரங்கப்பாதை, விளக்கு, போலீஸ் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டால் அதில் எது மலிவோ அது மட்டும்தான் வரும். அது அநேகமாகச் சுவர். தாண்டிப் போக வழியில்லாமல் சுவர் மட்டும் வந்தால், சீக்கிரமே அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழும். அதன்பின் அந்தத் தெருவுக்கு "சுவர் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. அதனால், கேட்பதற்கு முன்பே ஒன்றைத் தேர்ந்துகொண்டு கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது சின்ன விஷயம் இல்லை. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு மறுஆய்வுக் குழு, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்து ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள் என்று எழுதியது. ரயில் கவிழ்ந்தால் நாடே பேசுகிறது. தண்டவாளம் தாண்டும்போது போன உயிர் உள்ளூர்ச் செய்தியில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது.

## முதலில் பார்க்க வேண்டியவை

ஏன் தாண்டுகிறார்கள்? மற்ற எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அவ்வளவு பழைய பாதை இது. அதன் பிறகு குடியிருப்புகள் இருபுறமும் பெருகின. வீடு ஒரு பக்கம், ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஷிப்டு விடும் நேரத்தில் தாண்டுவார்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இலையும் தூளும் வாங்கப் போவதற்கும் கட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்கும் தாண்டுவார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாததால் விடியுமுன் போகிறவர்கள் உண்டு. குடிக்க இடம் தேடி ராத்திரி போகிறவர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் ஒரே மருந்து கிடையாது.

யார் தாண்டுகிறார்கள்? பதினெட்டு வயதுப் பையனா, மூட்டுவலிக்காரப் பாட்டியா, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருகிற தொழிலாளியா, ஆடு ஓட்டி வருகிறவரா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு தூரம் தெரிகிறது? இதை எல்லாரும் தப்பாகவே கணிக்கிறார்கள். இரட்டைப் பாதையைப் பத்திரமான தூரத்திலிருந்து பத்திரமான தூரம் வரை தாண்ட ஏறக்குறைய 10 மீட்டர் நடக்க வேண்டும். ஜல்லியில் கால் வைத்து, கையில் பையோடு ஒரு வயதானவர் நடந்தால் 12 வினாடி ஆகிவிடும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் அந்த 12 வினாடியில் 360 மீட்டருக்கு மேல் வந்துவிடும். 130 கி.மீ. என்றால் 430 மீட்டர். அதாவது, நாம் காலெடுத்து வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத ரயில், நாம் அக்கரை சேருமுன் வந்து நிற்கிறது. வளைவிலும் சீமைக்கருவேலம் மண்டிய இடத்திலும் 430 மீட்டர் எங்கே தெரியும்? மின்சார இன்ஜினுக்குப் பழைய டீசல் இன்ஜினின் இரைச்சலும் இல்லை. எதிர்ப் பாதையில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தால், அதன் சத்தமே இரண்டாவது வண்டியின் சத்தத்தை விழுங்கிவிடும். ஒரு ரயில் போனதும் சட்டென்று காலெடுத்து வைத்தவர்கள்தான் அடிபட்டவர்களில் நிறையப் பேர். டிரைவர் அவசர பிரேக் போட்டாலும் வேகமாக வரும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டரை ஒட்டித் தேவைப்படும். ஆளைப் பார்த்த பிறகு ஹாரன் அடிப்பதைத் தவிர அவரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

(இதை அளந்து பார்க்கத் தயவுசெய்து தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பக்கத்து ரயில்வே கேட்டிலோ மேம்பாலத்திலோ நின்று பார்த்தாலே போதும்.)

மண் மட்டமும் தண்ணீரும். தண்டவாளம் தெருவைவிட உயரமான கரையில் போகிறதா, சமமாகப் போகிறதா, பள்ளத்தில் போகிறதா? ஐப்பசி, கார்த்திகையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

கட்டின பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? விளக்கு எரிய, மோட்டார் ஓட, குப்பை அள்ள ஆள் வேண்டும். இது முதலிலேயே எழுத்தில் இல்லாத இடங்களில் பிறகு யாரும் பொறுப்பேற்பதில்லை.

## சுவர், கம்பிவேலி

செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், அதிகாரிகளும் எளிதில் ஒத்துக்கொள்வார்கள். ஆடு மாடு தண்டவாளத்துக்குப் போகாது. குழந்தைகள் பந்து எடுக்க ஓடுவதும் நிற்கும். மனமுடைந்து தண்டவாளத்தை நோக்கிப் போகிற ஒருவரைக்கூடச் சுவர் சில நிமிடமாவது நிறுத்தும். அந்தச் சில நிமிடத்தில் மனம் மாறியவர்கள் உண்டு. அப்படி யாரையாவது நீங்கள் அறிந்தால் 104, 14416 ஆகிய உதவி எண்களில் ஒன்றுக்குக் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். சுவர் முடிகிற இடத்தில் புதுப் பாதை உண்டாகும், அது பழைய பாதையைவிட மோசமான வளைவில் அமையலாம். இருபுறமும் சுவர் எழுப்பி நடுவில் ஓட்டை இருந்தால், உள்ளே போனவருக்கு ரயில் வரும்போது ஒதுங்க இடமிருக்காது. முன்பெல்லாம் கரையிலிருந்து கீழே குதித்துத் தப்பியவர் இப்போது சுவரில் முட்டி நிற்பார். ஓட்டையை அடைக்க ரயில்வேக்காரர்கள் வருவார்கள், மறுவாரம் பக்கத்திலேயே வேறொரு ஓட்டை இருக்கும். அதை உடைக்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை. சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர், நேரே போனால் முப்பது அடி. தினமும் இரண்டு வேளை அந்தக் கணக்கைப் போடுகிறவர் எந்தப் பக்கம் போவார்?

சுவர் நல்லதுதான். ஆனால் வழி திறந்த பிறகே அது வர வேண்டும். அல்லது யாருக்கும் தாண்டும் தேவையில்லாத, விளையாட்டும் குடியும் மட்டும் நடக்கிற இடத்துக்கு அது தனியாகவே போதும்.

## நடைமேம்பாலம்

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது படிகளை. பாதைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி போகிறது. அதற்கும் மேலே பாலம் போக வேண்டுமென்றால் தண்டவாளத்திலிருந்து சுமார் ஆறரை மீட்டர் உயரம் தேவை. படி ஒன்று 15 செ.மீ. என்று வைத்தால் ஏற 43 படி, இறங்க 43 படி. தலையில் புல்லுக்கட்டோ இடுப்பில் குழந்தையோ வைத்திருக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். "ஏறி இறங்கறதுக்குள்ள முட்டி விட்டுடும்ப்பா, கீழயே போயிடறேன்" என்பார். சாய்தளம் போடலாமே என்றால், 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்ற கணக்கில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 78 மீட்டர் நீளம் வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம்.

லிப்ட் வைத்தால் அதற்கு மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் ஆளும் தேவை. ரயில் நிலையத்துக்குள் அது நடக்கும், ஊருக்கு நடுவில் நடக்காது.

அப்படியானால் நடைமேம்பாலம் எங்கே சிறந்தது? முதலாவது ரயில் நிலையத்தில். பயணிகள் ஏற்கெனவே பிளாட்ஃபாரத்தில் இருக்கிறார்கள், விளக்கும் ஆள் நடமாட்டமும் உண்டு. நிலையத்தின் பாலத்தையே இரண்டு பக்கத் தெருவுக்கும் நீட்டித் தரச் சொல்லிக் கேட்பது புதுப் பாலம் கேட்பதைவிட எளிது. ஆனால் பிளாட்ஃபாரம் வழியாகப் போக டிக்கெட் கேட்கிற மாதிரி அமைந்தால் ஊர்க்காரர்கள் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே பொதுவழி தனியாக வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். இரண்டாவது, தண்டவாளம் பள்ளத்தில் வெட்டிப் போகிற இடம். அங்கே பாலம் ஏறக்குறையத் தெரு மட்டத்துக்கே வந்துவிடும். மூன்றாவது, தாண்டுகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்களாக இருக்கிற இடம். அங்கேயும் நடுவில் வேலி போட்டு, கீழே தாண்ட முடியாமல் செய்தால்தான் பாலத்தில் ஏறுவார்கள்.

## சுரங்கப்பாதை

ஆட்கள் மட்டும் போகிற சுரங்கப்பாதைக்கு உள்ளே இரண்டரை மீட்டர் உயரம் இருந்தால் போதும். மேலே கான்கிரீட், ஜல்லி எல்லாம் சேர்த்துத் தண்டவாளத்திலிருந்து மூன்றரை மீட்டர் அளவில் தரை வரும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஏறக்குறையப் பாதி. சாய்தளமும் சுமார் 42 மீட்டரில் முடிந்துவிடும். தண்டவாளம் மூன்று மீட்டர் கரையின் மேல் போகிறது என்றால் இறக்கமே அநேகமாக இருக்காது, தெருவிலிருந்து தெருவுக்கு நேராக நடந்துவிடலாம். சைக்கிள், தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, ஆடு எல்லாம் போகும். ஜனங்கள் தாமாகவே பயன்படுத்துகிற வழி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தாண்டுவதைவிட இது சுலபமாக இருப்பதால் யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் நம் ஊரில் சுரங்கப்பாதையின் பெயரைக் கெடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் பெய்தால் முழங்கால் அளவு நிற்கிறது, இடுப்பளவும் நிற்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதை நீரில் மூழ்கிய வாரத்தில் எல்லாரும் மறுபடி மேலேதான் தாண்டுவார்கள். அதுவும் மழையில், வழுக்கும் ஜல்லியில், குடை பிடித்துக்கொண்டு, காது கேட்காமல். ஆண்டில் மற்ற நாட்களில் காத்த உயிரை அந்த ஒரு வாரத்தில் பறிகொடுக்க நேரலாம்.

எனவே சுரங்கப்பாதை கேட்கிறவர்கள் மூன்றைச் சேர்த்தே கேட்க வேண்டும்: தண்ணீர் தானாக வடிய ஓடையோ கால்வாயோ உண்டா என்ற மட்ட ஆய்வு, நுழைவாயில்களில் தெருநீர் உள்ளே இறங்காதபடி மேடும் கூரையும், மோட்டார் வைத்தால் அதை இயக்கும் பொறுப்பு நகராட்சியுடையதா ஊராட்சியுடையதா என்ற எழுத்துப்பூர்வ உறுதி. விளக்கும் முக்கியம். இருட்டான சுரங்கப்பாதையில் இரவு ஷிப்டு முடித்து வரும் பெண்கள் இறங்க மாட்டார்கள். அவர்கள் பயப்படுவது நியாயம். ஏற்கெனவே ஓடைக்குப் போட்ட சிறுபாலம் அருகில் இருந்தால், அதன் ஒரு கண்ணைத் தரை போட்டு நடைவழியாக்க முடியுமா என்று கேட்பதும் நல்ல யோசனை. வெள்ளம் அதிகம் வராத ஓடைக்கு மட்டுமே அது பொருந்தும்.

## காவலும் அபராதமும்

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்பி எடுக்கிற இளைஞர்கள், தண்டவாளத்தில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள், பிளாட்ஃபாரத்தின் ஓரச் சரிவில் இறங்கித் தாண்டுகிற பயணிகள் ஆகியோரிடம் இது வேலை செய்யும். பீடிக்கட்டோடு போகிற பெண்ணிடம் அபராதம் வசூலித்தால் அவள் அன்றைய கூலியை இழப்பாள், மறுநாள் அதே இடத்தில் தாண்டுவாள். ஒன்றை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: பயணியாக இல்லாமல் தண்டவாளம் தாண்டி இறந்தவரின் குடும்பத்துக்குப் பிரிவு 124அ-இன் இழப்பீடு கிடைக்காது.

## கண்ணில் படும் எச்சரிக்கை

"தாண்டாதீர்" என்று எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை. மும்பையின் வடாலாவில் வேறு மாதிரி முயன்றார்கள். பெரிய பொருள் தூரத்திலிருந்து வரும்போது அதன் வேகம் குறைவாகத் தெரியும் என்பதால், தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சில கட்டைகளுக்கு (ஸ்லீப்பர்) மஞ்சள் வண்ணம் பூசினார்கள். ரயில் அந்தக் கோடுகளை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறது என்பதை வைத்து வேகம் புரியும். நீளமான ஹாரனுக்குப் பதில் இரண்டு முறை விட்டு விட்டு அடிக்கச் சொன்னார்கள். அடிபடப்போகும் மனிதனின் முகத்தைப் படமாக வைத்தார்கள். அங்கே சாவுகள் குறைந்தன.

இதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு, அதனால் பாலம் வரும்வரை இடைக்கால ஏற்பாடாக இதைக் கேட்கலாம். வண்ணம் மங்கும், திரும்பப் பூச வேண்டும். ஹாரன் சத்தம் பக்கத்து வீடுகளுக்குத் தொல்லை. காதில் ஹெட்போன் மாட்டியவரை இது எட்டாது. ஒற்றைப் பாதையாகவும் வண்டிகள் குறைவாகவும் உள்ள வேலூர் கன்டோன்மென்ட், வேலூர் டவுன் பக்கம் புதர் வெட்டுவதும் எச்சரிக்கையும் ஓரளவு பலன் தரும். சென்னை–பெங்களூரு இரட்டைப் பாதையில் இதை மட்டும் நம்பக் கூடாது.

## தாண்ட வேண்டிய காரணத்தையே இந்தப் பக்கம் கொண்டுவருவது

மனு எழுதுகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். நூறு குடும்பம் ரேஷனுக்காக மட்டும் தாண்டுகிறது என்றால், இந்தப் பக்கம் ஒரு பகுதிநேர ரேஷன் கடை திறக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் அதற்கு வழியிருக்கிறது. ரயில்வேயிடம் ஒரு அனுமதியும் வாங்க வேண்டியதில்லை. அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், வீட்டுக் கழிப்பறை, பஸ் ஸ்டாப், கம்பெனி பஸ் நிற்கும் இடம், பீடி இலை கொடுக்கும் இடம் எல்லாம் இப்படித்தான். உயர்நிலைப் பள்ளியையும் மயானத்தையும் நகர்த்த முடியாது. ஆனால் பத்துக் காரணத்தில் ஆறைக் குறைத்தால், மீதி நாலுக்குக் கேட்கும் வழி சின்னதாக இருந்தாலும் போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு அலைச்சல்தான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகம்.

## ஒரு பார்வையில்

| வழி | செலவு | காலம் | வயதானவர், சுமை தூக்குபவர் | பெரிய குறை | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|---|
| சுவர், வேலி | குறைவு | மாதங்கள் | வழியே இல்லை | ஓட்டை, ஓரத்தில் புதுப் பாதை | வேறு வழி திறந்த பிறகு |
| நடைமேம்பாலம் | அதிகம் | ஆண்டுகள் | கடினம் | 86 படி | நிலையம், பள்ளத்தில் போகும் பாதை |
| சுரங்கப்பாதை | அதிகம் | ஆண்டுகள் | எளிது | தண்ணீர், இருட்டு | உயரமான கரை, வடிகால் உள்ள இடம் |
| காவல், அபராதம் | தொடர்செலவு | உடனே | பாதிப்பு | ஆள் போனதும் பழையபடி | குடி, செல்பி, பிளாட்ஃபார முனை |
| எச்சரிக்கை | மிகக் குறைவு | வாரங்கள் | ஓரளவு | தேய்ந்துபோகும் | இடைக்காலத்துக்கு |
| காரணத்தை நகர்த்துவது | குறைவு | மாதங்கள் | மிக எளிது | அலைச்சல் | ஒன்றிரண்டு தேவைக்காகத் தாண்டும் ஊர் |

## கேட்டை மூடும்போது கவனியுங்கள்

வண்டிகளுக்கான மேம்பாலம் கட்டி முடித்ததும் பழைய ரயில்வே கேட்டை மூடிவிடுவார்கள். மேம்பாலத்தின் சரிவு இரண்டு பக்கமும் பல நூறு மீட்டர் நீளும். பைக்காரருக்கு அது இரண்டு நிமிடம். நடந்து போகிறவருக்கு வெயிலில் அரைமணி நேரம். அவர் பழைய கேட் இருந்த இடத்திலேயே தாண்டுவார். நேற்றுவரை கேட் கீப்பர் பார்த்துக்கொண்ட இடத்தில் இன்று யாரும் இல்லை. மேம்பாலம் வந்ததாலேயே உருவாகும் ஆபத்து இது.

கேட்டை நிரந்தரமாக மூட மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். பேரம் பேச வேண்டிய நேரம் அதுதான். பாதசாரிகளுக்குச் சுரங்கப்பாதையோ, மேம்பாலத்தில் ஏறத் தண்டவாளத்தை ஒட்டியே படிக்கட்டோ தந்த பிறகு மூடுங்கள் என்று அப்போதே எழுத்தில் கேளுங்கள். மூடிய பிறகு கேட்டால் யாருக்கும் அவசரம் இருக்காது.

## மனு யாருக்கு?

காட்பாடியிலிருந்து பிரியும் தடங்கள் ரயில்வேயின் வெவ்வேறு கோட்டங்களுக்கு, அதாவது நிர்வாகப் பிரிவுகளுக்கு, உரியவை. அரக்கோணம், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் தடம் சென்னைக் கோட்டம். வேலூர் கன்டோன்மென்ட் வழியாகத் திருவண்ணாமலை, விழுப்புரம் போவது திருச்சிக் கோட்டம். சித்தூர், பாகாலா, திருப்பதி போவது குண்டக்கல் கோட்டம். தப்பான கோட்டத்துக்குப் போன மனு அங்கேயே தூங்கும். சரியான கோட்ட மேலாளருக்கு ஒன்று, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று, எம்.பி. அலுவலகத்தில் ஒன்று கொடுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானத்தை இணையுங்கள். ரயில்வே சட்டத்தின் பிரிவு 17-இன்படி கூடுதல் வழி கேட்கும் மாநில அரசோ உள்ளாட்சியோதான் செலவை ஏற்க வேண்டும் என்று பதில் வரலாம். பராமரிப்புக்கும் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். ஆகவே பணம் எந்த நிதியிலிருந்து என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள்.

மனுவோடு ஒரு தாள் கணக்கும் போகட்டும். ரயில்வே எல்லைக்கு வெளியே நின்று, காலையில் பள்ளி நேரம், மாலையில் ஷிப்டு விடும் நேரம் இரண்டிலும் எத்தனை பேர் தாண்டுகிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, அறுபது வயதுக்கு மேல் எத்தனை, எங்கே போகிறார்கள், கையில் என்ன என்று எழுதுங்கள். "பொதுமக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள்" என்ற வரிக்கு இல்லாத பலம் இந்தத் தாளுக்கு உண்டு.

வேலை வரும்வரை காத்திருக்கிற மாதங்களில் தெருவே செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளிப் பிள்ளைகளைத் தனித்தனியாக விடாமல், முறை வைத்து ஒரு பெரியவர் கேட் வழியாகக் கூட்டிப் போகட்டும். கம்பெனி பஸ்ஸை கேட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லி மேலாளரிடம் பேசுங்கள். பார்வையை மறைக்கும் முள்புதர் ரயில்வே நிலத்தில் இருந்தால் நீங்கள் இறங்கி வெட்டாமல் ரயில்வே உதவி எண் 139-இல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை அடுத்த மனுவில் குறிப்பிடுங்கள்.